பட்டியலா, பன்றிக்குட்டியின் கேள்வியா?

ஈ. பி. ஒயிட் 1952இல் வெளியிட்ட 'சார்லட்ஸ் வெப்' என்ற சிறுவர் புதினத்தின் வழியே ஆங்கில அருஞ்சொற்களைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர், பாடத்துக்கு முன்பே சொற்பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லலாம். அல்லது சொல் கதையில் எதிர்ப்படும் இடத்திலேயே நின்று விளக்கலாம்.

நான் சார்வது இரண்டாவதன் பக்கம். சிலந்தி 'சாலுட்டேஷன்ஸ்' என்றதும் பன்றிக்குட்டி வில்பர் விழித்துப் பொருள் கேட்க, அது வணக்கத்தைச் சற்று ஆடம்பரமாகச் சொல்லும் முறை என்று சிலந்தியே விளக்கிவிடுகிறது. (ஆசிரியருக்குப் பாதி வேலை மிச்சம்.) 'ஹம்பிள்' என்ற சொல்லுக்குச் செருக்கற்றது, தரைக்கு அருகிலுள்ளது என இரு பொருள்களையும் கூறி, வில்பருக்கு இரண்டுமே பொருந்துவதாகச் சிலந்தி காட்டும் நயம் பட்டியலில் கிட்டாது.

ஆயினும், அரிவாள், கவைக்கோல், சாணைக்கல் எனக் கொட்டிலில் கிடக்கும் கருவிகளின் பெயர்கள் அடுக்கடுக்காக வரும் பகுதிக்குப் படங்களுடன் கூடிய முன்பட்டியலே ஏற்றது.