மஞ்சள் கரை ஆனைக்கற்றாழை: செட்டிநாட்டுத் தோட்டத்துக்கு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். காரைக்குடி, தேவகோட்டைச் சுற்றுவட்டாரத்தில் இடமுள்ள தோட்டத்துக்குப் பெரிய வரி இலைச் செடி வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமானது இல்லை. இது இலை ஓரத்தில் மஞ்சள் பட்டை ஓடும் அகேவ், மெக்சிகோவின் வறண்ட நிலத்துச் செடி. நம் செம்மண் சரளையும் சித்திரை வெயிலும் இதற்கு ஒத்துப்போகும். நன்றாக வேர்விட்டால் ஆறடிக்கு மேல் அகலும்.

இதற்கு எமன் ஐப்பசி மழைதான், அதுவும் நர்சரிப் பையில் வரும் தென்னைநார்க் கழிவோடு சேர்ந்தால்.  நார்க்கழிவு நனைந்தால் லேசில் உலராது. அதோடு அப்படியே நட்டுவிட்டால், வெளி மண் காய்ந்திருக்கும், வேரோ ஈரத்தில் ஊறிக் கிடக்கும். வெளியே தெரிவதற்குள் அடித்தண்டு அழுகிவிடும். அதனால் நடுவதற்கு முன் நார்க்கழிவு முழுவதையும் உதறி எடுத்து, செடியை இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு, அறுந்த வேர் காய்ந்த பிறகே நட வேண்டும்.

சரளை கலந்த செம்மண் இரண்டு பங்கு, சொரசொரப்பான எம்-சாண்ட் ஒரு பங்கு, உடைத்த செங்கல் ஒரு பங்கு, மக்கிய சாணி அரைப் பங்கு கலந்து, தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு மேடு கட்டி நடுங்கள். அடித்தண்டு மண்ணுக்குள் புதையக் கூடாது. தை, மாசியில் நட்டால் மழைக்குள் வேர் பிடித்துவிடும். நர்சரி நிழலில் வளர்ந்த செடியை நேரே வெயிலில் வைத்தால் மஞ்சள் கரை வெந்து பழுப்பாகும். அந்தத் தழும்பு ஆறாது. முதல் மூன்று வாரம் 50 சதவீத நிழல்வலை கட்டாயம். முதல் கோடையில் பத்து நாளுக்கு ஒரு வாளி தண்ணீர், மழைக்காலத்தில் சொட்டுக்கூட வேண்டாம். யூரியா வைத்தால் இலை தளர்ந்து தொங்கும்.

கடையில் பையைப் பிடித்துக்கொண்டு செடியை லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேரில்லை. நடுக்குருத்தை அமுக்கினால் கெட்டியாக இருக்க வேண்டும். நெகிழ்ந்து புளித்த வாடை அடித்தால் விட்டுவிடுங்கள். இலை அடியில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. ஒவ்வொரு இலையிலும் இரு பக்கமும் மஞ்சள் ஓடுகிறதா என்று பார்ப்பது முக்கியம். விதையில் இந்தக் கரை வராது, பக்கக்கன்றில்தான் வரும். முழுப் பச்சையாக வரும் கன்றை உடனே தோண்டி எறியுங்கள். அதற்கு வேகம் அதிகம், தாயை மூடிவிடும். பச்சையே இல்லாமல் வெளுத்து வரும் கன்று பிரித்து நட்டால் பிழைக்காது.

இலை நடுவில் வெள்ளை ஓடும் ரகம் அழகில் ஒரு படி மேல்தான். ஆனால் மெதுவாக வளரும், எளிதில் வெந்துபோகும், விலையும் கூடுதல். முகப்பில் காலை வெயில் மட்டும் படும் சிமெண்டுத் தொட்டிக்கு அது போதும். வளவு முற்றத்துக்கு இரண்டுமே வேண்டாம்: பிள்ளைகள் ஓடும் இடத்தில் இலை நுனியின் ஊசிமுனை ஆபத்து. அங்கே இதன் உறவுச் செடியான வரி இலை ஃபர்க்ரேயா வையுங்கள். இலை மெத்தென்றிருக்கும், முள் குறைவு, அரை நிழலும் தாங்கும், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

ஆனைக்கற்றாழையை நடைபாதையிலிருந்து ஆறடியாவது தள்ளி நடுங்கள். முள்முனையை மட்டும் நகவெட்டியால் கத்தரித்தால் இலைக்குக் கேடில்லை. இலையை அறுக்க நேர்ந்தால் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள், சாறு பட்ட இடம் தடித்து அரிக்கும்.