கைட் லைன் இழுபட்டுப் போய்விட்டதா? குளச்சல் வலைக்கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள்

கைட் சர்ஃபிங்கில், அதாவது பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று தண்ணீர் மேல் ஓடுகிற விளையாட்டில், இப்படி ஒரு தொல்லை உண்டு. காற்றுக்குக் குறைவில்லை, கைட்டில் கிழிசல் இல்லை, வால்வில் கசிவும் இல்லை. ஆனாலும் பாரை, அதாவது கையில் பிடிக்கிற கட்டையை, நம் பக்கம் கொஞ்சம் இழுத்தால் போதும், கைட் முன்னால் போகாமல் பின்பக்கமாகச் சரிந்து தண்ணீரில் உட்கார்ந்துவிடுகிறது. இந்தத் தொல்லையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இதைச் சரிசெய்ய நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே ஆள் இருக்கிறது. கைட் கடை இல்லை. குளச்சல் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு விற்கிற ஒரு சின்னக் கடை. வாசலில் பச்சை வலை குவிந்து கிடக்கும், உள்ளே வயதான பாட்டா ஒருவர் வலை ஊசியோடு உட்கார்ந்திருப்பார். ஒரு சீசன் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், வேலை சுத்தம்.

நான் முப்பந்தல் பக்கம் காற்றாலையில் டெக்னீஷியன். கைட் ஓட்டக் கற்றுக்கொண்டது ராமேஸ்வரத்தில். இப்போது ஓட்டுவது பெரும்பாலும் மணக்குடிப் பொழியில் (ஆறு கடலில் சேர்கிற இடம்)தான்; கடல் அடங்கிக் கிடக்கிற நாட்களில் சொத்தவிளைக்கும் போவேன். பாரையும் கைட்டையும் இணைக்கிற மெல்லிய கயிறுதான் லைன். என்னுடையது சாதாரண நான்கு லைன் பார், லைன் நீளம் 22 மீட்டர். மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று நன்றாக அடிக்கும்போது பெரிய பிரச்சினை தெரியவில்லை, கைட்டின் பலத்தைக் குறைக்கிற டிரிம் கயிற்றை இழுத்து வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம். சாயங்காலம் காற்று லேசாக இறங்கினால்தான் வண்டவாளம் வெளியே வரும். டிரிமை முழுக்க விட்டால் கைட் நிற்காது, இழுத்து வைத்தால் பலம் வராது. போதாக்குறைக்கு, கைட் நேராகப் பறக்கும்போது கையில் பார் இடப்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு சரிந்து நிற்கும்.

பாரை விற்றவர்களிடம் கேட்டேன். லைன் போய்விட்டது, பாரையே மாற்றிவிடுங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்தது. புதுசு வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் என் கைட்டின் பாதி விலை ஆகும். ஒரு லைனையும் அளந்து பார்க்காமல் அப்படிச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை.

லைன் ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்தால்தான் கடையில் என்ன கேட்கவேண்டும் என்பதும் தெரியும். கைட் லைனுக்கு டைனீமா மாதிரியான நாரைத்தான் பின்னுகிறார்கள். நைலான் மாதிரி ரப்பராக நீளாது, தண்ணீரில் மிதக்கும், நூல் தடிமனில் ஆளையே தூக்கும். ஆனால் பின்னல் இறுக இறுகக் கொஞ்சம் நீளும். சுமை தொடர்ந்து இருந்தால் அந்த நாரே மெல்ல மெல்ல நீண்டு, பிறகு பழைய அளவுக்குத் திரும்பாது. கைட்டின் இழுவையில் பெரும்பகுதி நடுவில் இருக்கிற இரண்டு முன் லைன்களில்தான் விழுகிறது, அங்கிருந்து நம் இடுப்பில் கட்டுகிற ஹார்னஸுக்கு வருகிறது. ஓரத்து இரண்டு பின் லைன்களுக்கு வேலை குறைவு. அவை நீளாதது மட்டுமல்ல, உப்பும் மணலும் பின்னலுக்குள் ஏறி உப்பிக்கொண்டால் கொஞ்சம் குறுகவும் செய்யும். முன் லைன் நீண்டு, பின் லைன் குறுகி, இரண்டும் சேர்ந்தால் நாம் பாரை இழுக்காமலே பாதி இழுத்த கணக்கு. கைட் பின்னால் சரியாமல் என்ன செய்யும்? எல்லா லைனும் ஒரே அளவு நீண்டிருந்தால் ஒரு கஷ்டமும் கிடையாது. கோளாறு முழுக்க அந்த வித்தியாசத்தில்தான்.

இதைக் கடையில் விளக்கப் போனேன், பாட்டா பாதியிலேயே கை காட்டி நிறுத்திவிட்டார். "கரமடிக்கு ரெண்டு பக்கம் கம்பா உண்டுல்லா மக்கா. ஒரு பக்கம் நீளமா போனா மடி கோணிக்கிடும், மீனு எல்லாம் வெளியே போவும். இதும் அதேதான்." கரமடி என்பது கரையில் நின்று இழுக்கிற வலை, கம்பா அதை இழுக்கிற கயிறு. எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கரையில் இரண்டு அணியாக நின்று கம்பா இழுத்தே வளர்ந்த ஆளுக்கு நான்கு லைன் என்ன பெரிய விஷயம்!

அளந்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கேதான் கடை ஜெயிக்கிறது. கடைக்குப் பின்னால் தென்னந்தோப்பு, நடுவில் ஒரு கான்கிரீட் தூண், அதில் கொக்கி. நான்கு லைனையும் சிக்கெடுத்து நீட்டி, நுனிகள் நான்கையும் அந்த ஒரே கொக்கியில் மாட்டினார். என்னை ஹார்னஸ் கட்டச் சொல்லி, முன் லைன்களை ஹார்னஸோடு சேர்க்கிற வளையமான சிக்கன் லூப்பை மாட்டிக்கொண்டு உடம்புப் பாரத்தைப் போட்டுச் சாயச் சொன்னார். டிரிம் முழுக்க விட்ட நிலை. இப்போது பாரை அடிவரை இழுத்தால் நான்கு லைனும் ஒரே விறைப்பில் நிற்கவேண்டும். என் பார் அடிவரை வரவே இல்லை. நாலு விரல் இடைவெளி விட்டு நின்றுகொண்டது, அதற்கு மேல் வலிந்து இழுத்தால் முன் லைன் இரண்டும் தொய்வாகத் தொங்கின. இடது பின் லைன் வலதைவிடக் குட்டை என்பதும் பார் சாய்ந்து நின்றதிலேயே தெரிந்துவிட்டது. டேப் வைத்துப் பார்த்ததில் முன்னுக்கும் பின்னுக்கும் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் வித்தியாசம், இடதுக்கும் வலதுக்கும் ஒன்றரை.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு லைனையும் கட்டைவிரல் நகத்துக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் விட்டு உருவினார். வலது முன் லைனில் ஓரிடத்தில் விரல் நின்றது. பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் நாலைந்து இழை அறுந்து பஞ்சு மாதிரி எழும்பி நிற்பது தெரிந்தது. லைன் நுனியில் வளையத்தைத் தைத்த இடத்துக்கு ஓர் உறை போட்டிருப்பார்கள் அல்லவா, அதைப் பின்னால் தள்ளினார். உள்ளேயிருந்து சிவப்பு மணல் பொலபொலவென்று அவர் உள்ளங்கையில் கொட்டியது.

இந்த மணலை நம் ஊர்க்காரர்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மணவாளக்குறிச்சியில் இந்திய அருமணல் ஆலை எடுக்கிற இல்மனைட், சிர்க்கான், மோனசைட் ஆகிய தாதுக்களோடு கார்னெட்டும் நம் கடற்கரை மணலில் கலந்து கிடக்கிறது, சிவப்பு அதனால்தான். கார்னெட் என்பது உப்புத்தாளுக்கும், தண்ணீரைப் பீய்ச்சி இரும்பு அறுக்கிற மெஷினுக்கும் பயன்படுத்துகிற மணல். அது பின்னலுக்குள் உட்கார்ந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளிருந்தே நாரை அறுக்கும். ஆகவே கைட்டை இறக்கியதும் லைனை மணலில் இழுத்தபடி பாரில் சுற்றுவதை விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாளி நல்ல தண்ணீரில் பாரோடு முக்கி, நுனி உறையைத் தள்ளித் தள்ளி அலசுங்கள். நிழலில் காயட்டும். வெயிலில் பூட்டிய கார் டிக்கியில் வேண்டாம், இந்த நாருக்குச் சூடு ஆகாது. 150 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும், அதற்கு வெகு முன்னாலேயே பலம் குறைய ஆரம்பித்துவிடும். விறைப்பாக நிற்கிற ஒரு லைன் மேல் இன்னொரு லைன் உரசி ஓடினால் அறுந்து போவதும் அதே சூட்டினால்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் லைன்களை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு மணலை எடுத்தார். பிறகு குட்டையாக இருந்த பின் லைன் இரண்டை மட்டும் கொக்கியில் மாட்டி, மறுமுனையில் ஒரு கட்டை கட்டி, கடைப் பையன்கள் இருவர் மெதுவாகச் சாய்ந்து பாரம் போட்டார்கள். வெடுக்கென்று இழுக்கவிடவில்லை. கொஞ்ச நேரம் நிறுத்தி, தளர்த்தி, மறுபடி பாரம். பாதி வித்தியாசம் அதிலேயே போய்விட்டது. மீதியை லீடர் லைனில் சரிசெய்தார். பாரின் இரு முனையிலும் மிதவைக்கு மேலே வருகிற தடித்த துண்டுக் கயிறுதான் லீடர். அதில் வரிசையாக முடிச்சுகள் இருக்கும், பின் லைனின் வளையத்தைச் சுருக்குப் போட்டு எந்த முடிச்சில் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்து நீளம் மாறும். வெளி முடிச்சுக்குப் போனால் பின் லைன் நீளும், கைட் பின்னால் சரிவது நிற்கும். என் பழைய லீடரில் முடிச்சுகள் எட்ட எட்ட இருந்தன. அவர் புதிதாக இரண்டு லீடர் செய்து, 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாக முடிச்சுப் போட்டுத் தந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிச்சுக்கு முடிச்சு ஒரு நூல் வித்தியாசம் கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள்தான் கவனமாக இருக்கவேண்டும். லீடருக்கு முதலில் கடையில் எடுத்தது நைலான் கயிறு. வள்ளத்துக்கும் நங்கூரத்துக்கும் அது நல்ல கயிறு, ஆனால் இழுத்தால் நீளும். இங்கே அது ஆகவே ஆகாது. சொன்னால் உடனே கேட்டுக்கொள்கிறார்கள், ஆனால் 3, 4 மில்லிமீட்டர் டைனீமா அவர்களிடம் இருப்பு இல்லை. நான் கையோடு கொண்டுபோயிருந்தேன், நீங்களும் கொண்டுபோங்கள். மெல்லிய லைனின் நுனி வளையத்தைத் தைத்துத் தருகிற வசதியும் அங்கே கிடையாது. பாட்டாவே அதைத் தொடமாட்டேன் என்கிறார். பஞ்சாகிப் போன என் முன் லைனை நடுவில் வெட்டி முடிச்சுப் போட்டுத் தரமுடியுமா என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டதற்கு, "இந்த வழுக்குற சாமானத்துல முடிச்சு போட்டா பாதி பலம் போயிரும், ஆளக் கொல்லவா?" என்று சத்தம் போட்டார். அந்த நேர்மைக்காகவே நான் இந்தக் கடைக்கு மதிப்பெண் கூட்டிப் போடுவேன். முன் லைன் ஜோடியை நான் புதிதாக வரவழைத்து மாற்றினேன். ஒன்றுதான் கெட்டது என்றாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும், இல்லாவிட்டால் பழையதும் புதியதும் வேறு வேறு வேகத்தில் நீளும். புது லைன் முதல் சில தடவையிலேயே கொஞ்சம் இறுகி நீளும் என்பதால் மறுபடி கடைக்குப் போய் அளந்துகொண்டேன். அதற்குப் பணம் வாங்கவில்லை.

முதல் தடவை மொத்த வேலைக்கும் வாங்கியது 600 ரூபாய். காலையில் போனால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் எப்போது போகிறோம் என்பது முக்கியம். நம் மேற்குக் கடலில் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த இரண்டு மாதமும் படகுக்காரர்கள் வலையையெல்லாம் கரையேற்றி வேலைக்குக் கொடுப்பார்கள், கடையில் கால் வைக்க இடம் இருக்காது. நமக்குக் காற்று அடிப்பதும் அதே மாதங்கள்தான். ஏப்ரல், மே மாதத்திலேயே பாரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது.

சரிசெய்த பார் தண்ணீரில் எப்படி இருந்தது? மணக்குடியில் காற்று லேசாக இருந்த ஒரு சாயங்காலம், டிரிமை முழுக்க விட்டு, பாரை அடிவரை இழுத்துப் பிடித்தேன். கைட் அசையாமல் நின்றது. விட்டால் முன்னே நகர்ந்தது, இழுத்தால் பலம் வந்தது, பாரும் இரண்டு கைக்கும் நேராக நின்றது. பழைய லைனோடு போராடியதில் தோளில் இருந்த வலி அந்த வாரமே போய்விட்டது. முதலில் திருப்புவது மட்டும் கொஞ்சம் மந்தமாக இருந்தது, பின் லைன்கள் லேசாகத் தொய்ந்தன. லீடரில் இரண்டு பக்கமும் ஒரு முடிச்சு உள்ளே மாற்றினேன், அதுவும் சரியாகிவிட்டது. கரையில் நான்கும் சமமாக இருப்பது ஆரம்பம்தான். கடைசி ஒரு முடிச்சைக் கைட்டே சொல்லும். சில கம்பெனி பார்களுக்கு அளவு வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள், ஆகவே உங்கள் பாரோடு வந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பாட்டாவுக்குப் படத்தைக் காட்டினால் போதும்.

குளச்சல் வரை போக முடியாதவர்கள் வீட்டிலேயே தென்னை மரத்தில் ஒரு கயிறு கட்டி, அதில் ஒரே கொக்கி மாட்டி, இதே மாதிரி அளந்து பார்க்கலாம். மரத்தில் நேராக நான்கு நுனியையும் சுற்றினால் அளவு தவறும், கொக்கி ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். காற்று இல்லாத நேரமாகப் பாருங்கள்.

ஐந்துக்கு நான்கரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் குறைத்தது டைனீமா இருப்பு இல்லாததற்குத்தான். நம்மில் நாலு பேர் சேர்ந்து கேட்டால் ஒரு சுருள் வாங்கி வைக்கிறேன் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். போகிறவர்கள் அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.