தாளை நம்புவதா, குடோனுக்குப் போவதா?

இருப்பைச் சரிபார்க்க ஆடிட்டர் ஆபீஸ்களில் இரண்டு வழி உண்டு. கம்பெனி தரும் தாளைப் பார்த்து டிக் அடிப்பது ஒன்று. நாமே போய் விசாரிப்பது மற்றொன்று.

முதல் வழியில் வேலை சீக்கிரம் முடியும், உறவும் கெடாது. அதன் விலையை சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற ஐ.டி. கம்பெனி காட்டியது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, கணக்கிலிருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி வெறும் எண்தான். போலி ஸ்டேட்மென்ட்களை வைத்தே அது பல வருடம் ஓடியது. வங்கியிடம் நேராகக் கேட்டு, பதிலையும் நேராக வாங்கியிருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும்.

இரண்டாவது வழி அலைச்சல். மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டியாபீஸ், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை. ரிஜிஸ்டரில் 400 மூட்டை.

"எல்லாம் சரியா இருக்கு சாரே, ஒப்பு போட்டா போதும்" என்றார் மேனேஜர்.

குடோனுக்குப் போனேன். முன்வரிசை சுவர்போல நின்றது. மேலே ஏறிப் பார்த்தால் நடுவில் பள்ளம், அடியில் வெறும் பலகை. எண்ணினால் 310. மூட்டைக்கு 80 கிலோ என்றால் 7,200 கிலோ கொட்டை இல்லை. அந்த இருப்பைக் காட்டித்தான் வங்கிக் கடன் வாங்கியிருந்தார்கள். கடன் முறிந்தால் முதலில் கூலி நிற்பது, கொட்டை உடைத்து விரல் கறுத்துப்போன பெண்களுக்குத்தான்.

என் தேர்வு இரண்டாவதுதான். ஒரு மதியம் போனது. அந்த கிளையன்ட்டும் போனார்.