தபரிஸ்தான் அரைத் திர்ஹம்: காசு அருமை, கூட வந்த அட்டைதான் தப்பு

இணையத்தில் பழங்காசு விற்கும் ஒரு கடையில் வாங்கியது. காசுக்கு ஐந்து நட்சத்திரம், கடைக்கு மூன்றுதான்.

காஸ்பியன் கடலுக்குத் தெற்கே இருந்த தபரிஸ்தானில், அப்பாசிய கலீஃபாக்களின் (இஸ்லாமியப் பேரரசை ஆண்ட வம்சம்) ஆளுநர் உமர் இப்னு அல்-அலா அடித்த காசு இது; திர்ஹம் என்பது அந்தக் கால வெள்ளிக் காசு, இது அதில் பாதி. எடை 1.9 கிராம், தகடு போல மெல்லிசு. முன்பக்கம் சிறகு வைத்த மகுடத்தோடு இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட, நெருப்பை வழிபட்ட சசானிய வம்சத்து மன்னர் இரண்டாம் குஸ்ரோவின் சாயலில் ஒரு முகம், முகத்துக்கு எதிரே கூஃபி என்ற பழைய அரபு எழுத்தில் உமர் என்ற பெயர், லென்ஸ் இல்லாமலே படிக்க முடிகிறது. பின்பக்கம் தீப்பீடம், இருபுறமும் இருவர் நிற்கிறார்கள், இடப்பக்கம் ஆண்டும் வலப்பக்கம் நாட்டின் பெயரும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்தில். குஸ்ரோ இறந்தது 628-இல். கலீஃபா அப்துல் மலிக் உருவமே இல்லாத, வெறும் எழுத்து திர்ஹத்தைக் கொண்டுவந்தது 698 வாக்கில். அதற்கும் எண்பது வருஷம் கழித்து ஒரு முஸ்லிம் ஆளுநர் நெருப்புக் கோயில் பீடத்தோடு காசு அடித்திருக்கிறார் என்பதைக் கையில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புல்லரித்துவிட்டது! அந்த மலைநாடு அப்பாசியர் கைக்கு வந்ததே 760 வாக்கில்தான், அதுவரை உள்ளூர் ஆட்சியாளர்கள் இதே அமைப்பில்தான் அடித்துவந்தார்கள், சந்தையில் பழகிப்போன காசை வந்தவர்களும் அப்படியே தொடர்ந்தார்கள்.

இனி குறை. அட்டையில் "ஆண்டு 126 ஹிஜ்ரி, கி.பி. 743" என்று போட்டிருக்கிறார்கள். 743-இல் அப்பாசியர் ஆட்சியே கிடையாது, அது 750-இல்தான் வந்தது. காசில் இருக்கும் 126 ஹிஜ்ரி ஆண்டல்ல, கடைசி சசானிய மன்னர் மூன்றாம் யஸ்தகிர்த் 651-இல் இறந்ததிலிருந்து எண்ணும் கணக்கு, ஆக 777 வாக்கில். விலை வைத்து விற்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? சொன்னதும் மரியாதையாகப் பதில் போட்டு அட்டையை மாற்றி அனுப்பினார்கள், சரி, ஆனால் அவர்கள் தளத்தில் மற்ற தபரிஸ்தான் காசுகளுக்கு இன்னும் அதே ஹிஜ்ரிதான் நிற்கிறது. அப்புறம், காசை பிவிசி உறையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அதிலேயே விட்டுவைத்தால் நாளாவட்டத்தில் வெள்ளியில் பச்சைப் பிசுக்கு ஏறும், வந்த உடனே எடுத்துவிடுங்கள்.

அரபு-சசானியக் காசு (இதைப் போல முஸ்லிம் ஆட்சியில் சசானிய அமைப்பில் அடித்தது) முதன்முதலில் வாங்குகிறவர்கள் நாலு கிராம் பெரிய திர்ஹத்துக்குப் போகாமல் இதில் தொடங்கலாம், விலையும் குறைவு, படிக்கவும் சுலபம். பணம் கட்டுவதற்கு முன் பின்பக்க ஆண்டு தெளிவாகத் தெரிகிற பெரிய படமாகக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.