மைஃபோர்டு எம்.எல்.7: நாலு வருடம் வீட்டில் ஓட்டிய பிறகு

பழைய லேத் (கடைசல் இயந்திரம்) வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் மெஷின் எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். நான் அதைக் கடைசியாகத்தான் பார்த்தேன், அதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது.

என்னுடையது இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கம் பீஸ்டனில் செய்த மைஃபோர்டு எம்.எல்.7. 1946-இல் வந்த மாடல், சென்டர் உயரம், அதாவது பெட் என்கிற அடிச்சட்டத்துக்கு மேல் சுழலும் அச்சின் உயரம், மூன்றரை அங்குலம். கோவையில் மூடிய ஒரு கடைசல் பட்டறையிலிருந்து எடுத்து வந்தேன். 25 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடைச் சக்கில் (கவ்விச் சுழற்றும் பிடி) பிடித்துக் கடைந்து பார்த்தால், 100 மி.மீ. தூரத்தில் டெயில்ஸ்டாக் பக்கம் (சக்குக்கு எதிர் முனை) 0.08 மி.மீ. தடிமன் கூடுதல், அதோடு மேலெல்லாம் அலை அலையாக வரி.

பேரிங்தான் போயிருக்கும் என்று நினைத்தேன். இதில் வொயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவை பேரிங், மூடிக்கு அடியில் அடுக்கடுக்காக உரிக்கிற ஷிம் (மெல்லிய தகடு) இருக்கும். ஓர் அடுக்கு உரித்து இறுக்கியதும் வரி பாதி குறைந்தது, ஆனால் டேப்பர், அதாவது அந்தத் தடிமன் வித்தியாசம், அப்படியே இருந்தது. பக்கத்துத் தெருவில் ரிட்டயர் ஆன டர்னர் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். "பெட் முறுக்கிக்கிட்டு நிக்குது தம்பி, போல்ட்டை லூஸ் பண்ணு" என்றார். லூஸ் செய்ததும் டெயில்ஸ்டாக் பக்கத்து முன்கால் மேசையை விட்டு லேசாக எழும்பியது! நான்தான் கோணலான மரமேசையில் இறுக்கிப் பெட்டை வளைத்து வைத்திருக்கிறேன். இரும்பு ஸ்டாண்டுக்கு மாற்றி, அதே முன்காலுக்கு அடியில் பித்தளை ஷிம் வைத்து, மறுபடி கடைந்து, அளந்து, ஒரு முழு ஞாயிறு போனது. இப்போது 0.01 மி.மீ.க்குள் வருகிறது. வருடத்துக்கு ஒரு முறை சரிபார்க்கிறேன்.

அப்புறம் டூல். அதிகபட்சமே நிமிடத்துக்கு 640 சுற்றுதான், அதனால் அதிக வேகம் கேட்கிற கார்பைடு டிப்பை (கடினமான வெட்டுமுனை) விட நன்றாகத் தீட்டிய எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) டூல் இதில் அழகாக வெட்டுகிறது. 32 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் போடுகிறேன், பேரிங்கில் ஆயில் சொட்டு விழுகிறதா என்று பார்க்காமல் மோட்டாரைப் போடுவதில்லை.

லீட்ஸ்க்ரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீண்ட திருகு) அங்குலத்துக்கு 8 புரி. மில்லிமீட்டர் மரை அச்சாக வெட்ட 127 பல் சக்கரம் வேண்டும், வெட்டி முடிக்கும் வரை லீட்ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. சேஞ்ச் வீல் செட் (மரை அளவுக்கேற்ப மாற்றிப் போடும் பல் சக்கரங்கள்) இல்லாத மெஷினை விலை குறைவு என்று எடுக்காதீர்கள், எனக்கு வந்ததில் மூன்று சக்கரம் குறைவு, அதைத் தேடிச் சேர்க்க ஒரு வருடமானது.