பெல்ட் மட்டுமா, முழு கிட்டா?

கார் இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைத்து ஓட்டும் டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றப் போகிறவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுதான்: பெல்ட் மட்டும் போதுமா, பெல்ட்டை இறுக்கமாக வைக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் புல்லி, கூலண்ட் எனும் குளிர்விக்கும் திரவத்தைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் எல்லாம் சேர்ந்த கிட்டாகவே வாங்கிவிடலாமா?

பெல்ட் மட்டும் என்றால் செலவு குறைவு. கூலண்டை வடிக்க வேண்டாம், வேலையும் சீக்கிரம் முடியும். மற்ற பாகங்களைச் சமீபத்தில்தான் மாற்றினீர்கள், ஆயில் கசிந்து பெல்ட் மட்டும் கெட்டது என்றால் இதுவே சரியான வழி. ஆனால் கசியும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்தை மாற்றாமல் புது பெல்ட்டைப் போடாதீர்கள். அதுவும் எண்ணெயில் ஊறிப்போகும்.

மற்றபடி நான் கிட் பக்கம்தான். பழைய டென்ஷனரின் பேரிங்கும் பெல்ட் ஓடிய அதே தூரம் ஓடியிருக்கிறது. அந்த பேரிங் சுழலாமல் இறுகிப் போனால் புது பெல்ட்டும் பல் தாண்டும், அறுந்தும் போகலாம். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு மாறி மாறி வந்துபோகும் இன்டர்ஃபியரன்ஸ் வகை இன்ஜினாக இருந்தால், திறந்திருக்கும் வால்வில் பிஸ்டன் மோதி அதை வளைத்துவிடும். பல இன்ஜின்களில் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவதும் இதே பெல்ட்தான். பிறகு பம்ப் ஒழுகினால், இறுகிக் கிடக்கும் கிராங்க் புல்லி போல்ட்டில் தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். கிட்டில் கூடுதல் வேலை என்றால், டென்ஷனர், புல்லி, பம்ப்பை மாற்றி, கூலண்ட் நிரப்பி, அதில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதுதான்.

எதைப் போட்டாலும் சரி, கவரை மூடும் முன் கிராங்க்கை இன்ஜின் ஓடும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கேம் அதற்குள் ஒரு சுற்று வந்திருக்கும். கிராங்க், கேம் புல்லிகளில் உள்ள டைமிங் குறிகள் பொருந்தவில்லை, எங்காவது முட்டுகிறது என்றால் பலவந்தப்படுத்தாமல் முதலிலிருந்து பாருங்கள்.