மேடு பள்ளச் சாலையில் எம்எக்ஸ்-5ஆ, 330ஐயா?

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இடுப்பு ஒடிந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி மாஸ்டா எம்எக்ஸ்-5ஐ ஓட்டிப் பார்க்காமலே ஒதுக்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது நான்காம் தலைமுறை, 2.0 லிட்டர், 17 அங்குலச் சக்கரம். போட்டிக்கு வந்தது மச்சானின் பிஎம்டபிள்யூ 330ஐ செடான்: ஜி20 தலைமுறை, எம் ஸ்போர்ட் என்ற விறைப்பான சஸ்பென்ஷன் (சக்கரங்களைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு), 19 அங்குலச் சக்கரம். ஒட்டுப் போட்டே அலை அலையாகிவிட்ட ஒரே சாலையில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினோம்.

நேர்ச்சாலையில் செடான்தான். அதில் சந்தேகமே வேண்டாம். காரணம் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம். எம்எக்ஸ்-5க்கு 2,310 மில்லிமீட்டர், 330ஐக்கு 2,851. அரை மீட்டருக்கும் மேல் வித்தியாசம். முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறி, பின்சக்கரம் அதே மேட்டைத் தொடுவதற்குள் 80 கிலோமீட்டர் வேகத்தில் சின்னக் காரில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. முன்பக்கம் இறங்கி அடங்குவதற்குள் பின்பக்கம் எழுந்துவிடும். மூக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, இதில் நாம் உட்காருவது கிட்டத்தட்ட பின்சக்கரத்துக்கு முன்னால். பின்சக்கரம் வாங்கும் அடியெல்லாம் முதுகுக்குத்தான் வருகிறது. செடானில் ஓட்டுபவர் இரண்டு அச்சுக்கும் நடுவில் இருக்கிறார், அடி தேய்ந்துதான் வந்து சேரும். என் மனைவி பின்சீட்டில் தூங்கியே விட்டாள். என் காரில் தூங்கப் பின்சீட்டே கிடையாது, அது வேறு விஷயம்.

எடையும் செடானுக்குச் சாதகம். என் கார் ஒரு டன்னைச் சற்றே தாண்டும், அது ஏறத்தாழ ஒன்றரை டன். சக்கரம், டயர், பிரேக், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஹப் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. கார் லேசாக இருந்தால், மொத்த எடையில் இந்தக் கீழ் எடையின் பங்கு பெரிதாகிவிடும். சக்கரம் துள்ளினால் உடம்பும் சேர்ந்து உலுங்கும். மாஸ்டாக்காரர்கள் இதைக் கணக்கில் வைத்துத்தான் வேலை செய்திருக்கிறார்கள். முந்தைய தலைமுறையில் ஐந்து நட் போட்ட சக்கரத்தை இதில் நான்காகக் குறைத்து, எடையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

சரி, திருப்பங்களுக்கு வருவோம். இங்கேதான் மச்சானின் முகம் மாறியது.

எம்எக்ஸ்-5இன் ஸ்பிரிங் உண்மையில் மென்மையானது. திருப்பத்தில் நன்றாகவே சாயும், வெளியிலிருந்து பார்த்தால் பயமாகக்கூட இருக்கும். ஆனால் அந்தச் சாய்வுக்குக் கைமேல் பலன் உண்டு. திருப்பத்தின் நடுவில் ஒரு பள்ளம் வந்தால் அந்த ஒரு சக்கரம் மட்டும் இறங்கி ஏறுகிறது, டயர் தார் மீதே கிடக்கிறது, ஸ்டீயரிங்கைத் திருத்த வேண்டியதில்லை. முன்னால் டபுள் விஷ்போன், பின்னால் மல்டிலிங்க்: இரண்டுமே ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே அசையவிடும் அமைப்புகள். 330ஐயின் எம் ஸ்போர்ட் அமைப்போ சாதாரண 330ஐயைவிட 10 மில்லிமீட்டர் தாழ்வு, ஸ்பிரிங்கும் ஸ்டெபிலைசர் பாரும் விறைப்பு. ஸ்டெபிலைசர் பார் இடது வலது சக்கரங்களைப் பிணைக்கும் கம்பி. அது விறைக்க விறைக்க ஒரு பக்கத்துப் பள்ளம் மறுபக்கத்தையும் இழுக்கும். தலை பக்கவாட்டில் ஆடுவது அதனால்தான். 19 அங்குலச் சக்கரத்தில் டயரின் பக்கச்சுவர் மெலிந்துவிடுவதால், சின்ன விளிம்புகளை முதலில் வாங்கிக்கொள்ள ரப்பரே போதவில்லை.

அதற்காக 330ஐயைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதன் ஷாக் அப்சார்பர், எவ்வளவு தூரம் அசைகிறதோ அதற்கேற்பத் தடையைக் கூட்டும் வகை. வேகமாகப் போய் ஒரு பெரிய தாழ்வில் விழுந்தபோது, "டம்" என்று அடியில் இடிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இடிக்கவில்லை. ஒரே மூச்சில் அமுங்கி, ஒரே மூச்சில் எழுந்து அடங்கியது. என் கார் அதே இடத்தில் இன்னொரு தடவை குதித்துவிட்டுத்தான் அமைதியாகும்.

பிரேக்கையும் சொல்லிவிடுகிறேன். அலைச் சாலையில் அழுத்திப் பிடித்தால் இரண்டிலும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சீக்கிரமே துடிக்க ஆரம்பிக்கும். பிடிமானம் இழந்த சக்கரத்தை அது விடுவித்தே ஆக வேண்டும், அதனால் நிற்கும் தூரம் நீளும். எந்தக் கார் ஆனாலும் கொஞ்சம் முன்கூட்டியே பிரேக்கைத் தொடுவது நல்லது.

நெளிவு நெளிவாக, 60, 70 வேகத்துக்கு மேல் போக முடியாத கெட்ட சாலை என்றால் எனக்கு எம்எக்ஸ்-5 சாவியைத்தான் கொடுக்க வேண்டும். அகலமான, வேகமான, பெரிய அலைகள் உள்ள சாலை என்றால் 330ஐ. வாங்க நினைப்பவர்கள் அதில் 18 அங்குலச் சக்கரமும் சாதாரண சஸ்பென்ஷனும் கேட்டு வாங்குங்கள். மச்சான் இப்போது 18 அங்குலச் சக்கரத்துக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். கழற்றப்போகும் 19ஐ என் தலையில் கட்டப் பார்க்கிறார். என் காரில் நாலு நட்தான் என்று சொல்லித் தப்பித்தேன்.